விபரக்கோவையில் இல்லாத மூன்று வருடம்

வெள்ளவத்தையில் காலி வீதியை விட்டு எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் ஒரு கொமினிகேஷன் கடை இருக்கும். போட்டோ கொப்பி, ரீலோட், லெமினேட், டைப்பிங் எல்லாம் ஒரே மேசையில். பிற்பகலில் அங்கே கொஞ்ச நேரம் நின்றால், டைப் அடிக்கும் பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஓர் இளைஞன் நின்று தன்னைப் பற்றி வரிவரியாகச் சொல்வது காதில் விழும். பிறந்த திகதி, ஓ.எல். பெறுபேறு, ஏ.எல். பெறுபேறு, பட்டம், வகுப்பு.

"வேலை அனுபவம்?"

"இல்லன்னு போடுங்க அக்கா."

"அப்ப நடுவுல இந்த மூணு வருஷம்?"

"புறக்கோட்டையில கடையில நின்னேன். அத போட வேணாம்."

இந்தப் பேச்சை நான் ஒருமுறை அல்ல, பலமுறை கேட்டிருக்கிறேன். ஊர் மாறும், பட்டம் மாறும், கடைசி வசனம் மாறாது. "அத போட வேணாம்" என்று ஒரு பட்டதாரியைச் சொல்ல வைப்பது எது? வெட்கம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அந்த வெட்கம் அவன் மனதில் தானாக முளைத்ததில்லை என்பதும், ஐம்பது, அறுபது வருடமாக அரசும் கம்பனிகளும் கடை முதலாளிகளும் சேர்ந்து அதை வளர்த்திருக்கிறார்கள் என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

முதலில், இவர்கள் யார்?

ஒரு பகுதியினர் மலையகத்துப் பிள்ளைகள். ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறு வந்து, இசட் புள்ளி வெட்டு வந்து, பல்கலைக்கழகக் கதவு திறப்பதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். அந்தக் காலத்தில் லயத்தில் சும்மா இருக்க முடியாது. ஊர்க்காரர் யாராவது கொழும்பில் ஒரு கடையில் நிற்பார், அவர் பின்னால் வந்துவிடுவார்கள். பிறகு பல்கலைக்கழக விடுமுறைகளிலும் அதே கடை. பட்டம் முடிந்து காத்திருக்கும் காலத்திலும் அதே கடை. மகாபொல புலமைப்பரிசில் பல வருடங்களாக மாதம் 5,000 ரூபாவாகவே இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. கொட்டாஞ்சேனையில் பகிர்ந்திருக்கும் அறையில் ஒரு கட்டிலுக்குக்கூட அது காணாது.

இன்னொரு பகுதியினர் வடக்கு கிழக்கிலிருந்து வருபவர்கள். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் தமிழில் கலைப்பட்டம் முடித்துவிட்டு, வெள்ளவத்தையில் மாமா வீட்டு அனெக்ஸில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டு வேலை தேடுபவர்கள். வேலை கிடைக்கும்வரை ஒரு புடைவைக் கடை, ஒரு பேக்கரி, ஒரு பார்மசி.

மூன்றாவது பகுதியினர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவர்கள். இவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனைக்கு ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் புறக்கோட்டை மொத்த வியாபாரம், நடுவில் செட்டியார் தெரு நகைக்கடைகள். ஜம்பட்டா வீதியிலும் ஜிந்துப்பிட்டியிலும் தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் வாழ்ந்த தலைமுறைகளின் சோறு இந்த மூன்று இடங்களிலிருந்துதான் வந்தது. கப்பலில் இருந்து மூட்டை இறக்கினார்கள், லொறியில் ஏற்றினார்கள், கைவண்டியில் தள்ளினார்கள். புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவருக்கு நாட்டாமை என்று பெயர். தமிழ்நாட்டில் ஊர்ப்பெரியவரைக் குறிக்கும் அதே சொல், இங்கே தோளில் அரிசி மூட்டையுடன் நடப்பவரைக் குறிக்கிறது. சிங்களமும் இந்தச் சொல்லை நம்மிடமிருந்து எடுத்து 'நாட்டாமி' என்று வைத்துக்கொண்டது. 1980களில் துறைமுகத்தில் கொள்கலன்கள் பெருகியதும் மூட்டை இறக்கும் வேலை சுருங்கியது. அப்பன் செய்த வேலை மகனுக்கு இல்லை. அந்த மகனும் அவன் பிள்ளையும் விவேகானந்தா கல்லூரியிலும் புனித பெனடிக்டிலும் படித்தார்கள். அவர்களில் சிலர் வெளிவாரியாகவோ, நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்திலோ பட்டம் எடுக்கிறார்கள். பகலில் செட்டியார் தெருவில் கணக்குப் பிள்ளை, சனி ஞாயிறில் விரிவுரை. 1980இல் திறந்த பல்கலைக்கழகம் உருவானதே இப்படிப்பட்டவர்கள் படிக்கட்டும் என்றுதான்.

மூன்று பகுதியினருக்கும் பொதுவானது ஒன்று: கையில் பட்டம் வந்ததும், கையால் செய்த வேலையை மறைக்கிறார்கள்.

இனி, அந்த வேலை உண்மையில் என்ன? புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் மூன்று வருடம் நின்ற பையனுக்கு எந்தச் சாமான் எந்த மாதத்தில் விலை ஏறும் என்று தெரியும். தம்புள்ளையிலிருந்து வரும் லொறிக்காரனிடம் சிங்களத்தில் பேசுவான், மன்னாரிலிருந்து வரும் வியாபாரியிடம் தமிழில் பேசுவான், இன்வொய்சை ஆங்கிலத்தில் எழுதுவான். பின்திகதியிட்ட காசோலையை வாங்கும்போது அது பாஸாகுமா, திரும்புமா என்று ஆளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வான். வெள்ளவத்தைப் புடைவைக் கடையில் நிற்கும் பெண், நாற்பது சேலையைப் பிரித்துக் காட்டிய பிறகும் ஒன்றும் வாங்காமல் எழுந்து போகும் வாடிக்கையாளரிடம் முகம் கோணாமல் "திரும்ப வாங்கம்மா" என்று சொல்லக் கற்றிருப்பாள். கம்பனி விளம்பரங்களில் வாடிக்கையாளர் தொடர்பு, அழுத்தத்தின் கீழ் பணியாற்றல், மும்மொழித் திறன், குழுவாகச் செயற்படல் என்று அச்சடித்துக் கேட்பது இவற்றைத்தான். கேட்பவரும் இருக்கிறார், உள்ளவரும் இருக்கிறார். இருவருக்கும் நடுவில் உள்ள தாளில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது, பள்ளிக்கூடம் என்பது வயலையும் தோட்டத்தையும் கடலையும் விட்டு மேசைக்குப் போகும் பாதை என்று மக்கள் விளங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்கு அது பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகம் என்பது சாதகத்தில் ஒரு கிரகம் போல, கலியாணப் பேச்சில் முதலில் கேட்கப்படுவது. 1956 தனிச் சிங்களச் சட்டம் அந்த மேசைகளைத் தமிழருக்கு ஒவ்வொன்றாக இல்லாமல் செய்தது. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலையும் ஒடுக்கியது. மேசை குறையக் குறைய அதன் மீதான ஆசை கூடியது. மலையகத்தில் கதை வேறு: 1948இல் குடியுரிமையே போய்விட்டது, தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். அங்கே முதல் தலைமுறைப் பட்டதாரி என்பவர் இன்றும் பல வீடுகளில் இன்றைய பிள்ளைதான். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிப் படிக்க வைத்த அம்மாவிடம் போய், பட்டம் வாங்கிய பிறகும் கடையில் மூட்டை தூக்கினேன் என்று எப்படிச் சொல்வது?

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் படித்த, வேலையற்ற சிங்கள இளைஞர்கள். அதே வருடம் சர்வதேசத் தொழில் அமைப்பு டட்லி சியர்ஸ் தலைமையில் ஒரு குழுவை இலங்கைக்கு அனுப்பியது. வேலை வாய்ப்பும் எதிர்பார்ப்பும் பொருந்தவில்லை என்பது அந்தக் குழு அறிக்கையின் சாரம்: இருக்கும் வேலையைப் படித்தவர் விரும்புவதில்லை, விரும்பும் வேலை போதிய அளவில் இல்லை. 1976இல் ரொனால்ட் டோர் 'சான்றிதழ் நோய்' என்ற கருத்தை முன்வைத்து எழுதிய நூலில் இங்கிலாந்து, ஜப்பான், கென்யாவோடு இலங்கையையும் உதாரணமாக எடுத்துக்கொண்டார். வேலைக்காகச் சான்றிதழ், சான்றிதழுக்காகப் படிப்பு என்றாகிவிட்டால், கற்பது என்ற காரியமே வற்றிப்போகும் என்றார். அதற்கு மூன்று வருடம் முன்பு அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியிருந்தார். விண்ணப்பிப்பவரின் திறமை முதலாளிக்குத் தெரியாது, ஆகவே பட்டத்தை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார் என்பது அவர் வாதம். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

சியர்ஸ் அறிக்கையை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் குறை. இளைஞர்களின் எதிர்பார்ப்பு அதிகம், வேலையைத் தெரிவு செய்து பார்க்கிறார்கள் என்ற பழி ஐம்பது வருடமாக மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கொமினிகேஷன் கடையில் நிற்பவனைப் பாருங்கள். அவன் வேலையைத் தெரிவு செய்து பார்க்கவில்லை. கிடைத்த வேலையைச் செய்தான். அதைச் சொன்னால் தனக்குக் கேடு என்று அவனுக்குத் தெரியும், அதனால் மறைக்கிறான். அப்படி மறைக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

முதலில் அரசு. 1977க்குப் பின் 'வேலை வங்கி' என்ற பெயரில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையால் படிவம் வாங்கினால்தான் வேலை என்ற நிலை வந்தது. 1990இல் வெளியான இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை இந்த அரசியல் சிபாரிசுமீது இளைஞருக்கு இருந்த கோபத்தைப் பதிவு செய்தது. அதன் பிறகு வந்தது கூட்டாக உள்வாங்கும் முறை. 2005 அளவில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பட்டதாரிகள், 2012இல் சுமார் ஐம்பதாயிரம், 2020இல் மறுபடி ஏறத்தாழ அதே அளவு. தேர்தல் வரும், பட்டியல் வரும், பயிலுநர் நியமனம் வரும், பிறகு பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி. பலருக்கு அங்கே உட்காரக் கதிரையும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. அதைவிட முக்கியம் அந்தப் பட்டியல் தயாராகும் விதம். பட்டம் பெற்ற திகதிதான் வரிசை. இடையில் என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆக, காத்திருப்பதே தகைமை.

2020இல் இது இன்னும் ஒரு படி போனது. ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எப்.) பங்களிப்பு இருந்த பட்டதாரிகளின் பெயர்கள் முதலில் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் என்பது காரணம். எதிர்ப்பு எழுந்தது, மேன்முறையீடுகள் வாங்கப்பட்டன. ஆனாலும் அந்தச் செய்தி கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடையில் நின்றாயா, முதலாளி சட்டப்படி ஈ.பி.எப். கட்டினாரா, அப்படியானால் மாதம் 20,000 ரூபா பயிலுநர் நியமனம் உனக்கில்லை. சட்டத்தை மீறிக் கையில் காசு கொடுத்த முதலாளியிடம் நின்றவன் தப்பினான். வீட்டில் சும்மா இருந்தவனும் தப்பினான். சட்டப்படி உழைத்தவனே தெருவில் நின்றான். இலங்கையில் உடல் உழைப்புக்கும் பட்டத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக வேறெந்தச் சம்பவமும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வருடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை "ஈ.பி.எப். வேணாம் முதலாளி, கையில தாங்க" என்று சொன்னால் அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்தி பூங்காவிலும் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்பும் வேலையற்ற பட்டதாரிகள் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பகலில் கொட்டகை, அதற்கு முன்னும் பின்னும் கூலி வேலை என்று இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 'வேலையற்ற பட்டதாரி' என்ற பதாகையின் கீழ் உட்காரும்போது அந்தக் கூலி வேலை வேலை என்ற கணக்கில் சேராது. சொல்லிலேயே மறைப்பு இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கு இதற்கு நேரெதிர்: வாரத்தில் ஒரு மணிநேரம் கூலிக்கு உழைத்தாலும் வேலை உள்ளவர். 2023இல் நாட்டின் வேலையின்மை 4.7 வீதம் என்றது அந்தத் திணைக்களம். ஏ.எல்.லும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே அது எப்போதும் அதைவிட அதிகம், அவர்களிலும் பெண்களிடையே இன்னும் அதிகம். நாம் பேசும் இளைஞன் அந்தக் கணக்கில் வேலை உள்ளவன், தன் கணக்கில் வேலையற்றவன்.

இரண்டாவது, தனியார் துறை. இங்கே தடை வேறு விதம். முதலாவது மொழி. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள், வாள் என்று பொருள். தமிழில் பட்டம் முடித்தவருக்கு அந்த வாளோடு சிங்களமும் சேர்ந்து இரண்டு வாள். ஆனால் கடையில் நின்றவனுக்கு இரண்டாவது வாள் கைக்கு வந்துவிடுகிறது. வீட்டில் காத்திருந்தவனுக்கு வருவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கடை வருடங்களை எழுத வேண்டும் என்பேன். 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்வோருக்கு இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சி கட்டாயம் என்றும் இருக்கிறது.

அடுத்தது, உறவினரல்லாத இரு சான்றாளர்கள். படிவத்தில் இரண்டு வரி. ஆனால் பல பிள்ளைகள் அந்த இரண்டு வரியில் சறுக்குகிறார்கள். வங்கி முகாமையாளர், அதிபர், சட்டத்தரணி யாரையாவது தேடி அலைவார்கள். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு அவனைப் பார்த்த கடை முதலாளியின் பெயரை எழுத மாட்டார்கள். உண்மையில் அவனைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான்.

அப்புறம் விலாசம். விலாசத்தை வைத்துச் சந்தேகிப்பது இன்று குறைந்திருக்கிறது, ஆனால் மறக்கக் கூடாது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. கொழும்பில் நிற்பதற்கு 'சரியான காரணம்' கேட்கப்பட்ட அந்தக் காலத்தில், வேலை தேடி வந்தேன் என்பது காரணமாக ஏற்கப்படவில்லை. பல குடும்பங்கள் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்ப இன்றும் தயங்குவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

மூன்றாவது, நம் கடை முதலாளிகள். இதை நம்மவர் பத்திரிகையில் எழுதுவது எளிதில்லை, எழுதத்தான் வேண்டும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம். வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக 3 வீதம். காலி வீதியிலும் மெயின் வீதியிலும் இதைச் சரியாகச் செய்யும் கடைகள் உண்டு. செய்யாத கடைகளும் நிறைய உண்டு. சாப்பாடும் தங்க இடமும் தருகிறோம், ஊர்ப்பிள்ளை, வீட்டுப்பிள்ளை என்பார்கள். அந்தப் பாசம் பொய்யில்லை. ஆனால் பிள்ளை கடையை விட்டு இறங்கும் நாளில் அவன் கையில் ஒரு தாள்கூட இருக்காது. கடையில் நின்றதற்குச் சாட்சி அவன் தோள் காய்ப்பு மட்டும்.

புதிதாக வந்த வேலைகளிலும் இதே கதைதான். 2015 முதல் பிக்மீயும் ஊபரும் கொழும்பில் ஓடுகின்றன. சாப்பாட்டுப் பொதியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு சிக்னலில் நிற்கும் பையன்களில் பட்டதாரிகள் இருக்கிறார்கள். கைபேசியில் ஒவ்வொரு பயணமும் பதிவாகிறது, ஆனால் சேமலாப நிதி இல்லை. ஊழியரில்லை, பங்காளர் என்று பெயர்.

ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது போதிய அளவு தெரியவில்லை என்பதால் சொல்கிறேன். கையால் கற்ற வேலையைப் பரீட்சித்து தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. முன் கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். நைட்டா என்று நாம் சொல்லும் பயிலுநர் பயிற்சி அதிகாரசபை இதைச் செய்கிறது. வகுப்பில் உட்காரத் தேவையில்லை, செய்த வேலைக்கான ஆதாரத்தைக் காட்டி, செய்தும் காட்ட வேண்டும். பேக்கரியில் நின்றவர், வயரிங் செய்தவர், தையல் செய்தவர் எல்லாருக்கும் இது பொருந்தும். கலைப்பட்டத்தோடு மட்டும் ஒரு உணவு உற்பத்தி நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலை கேட்பதும், அதே பட்டத்தோடு பேக்கரித் தொழிலில் ஒரு என்.வி.கியூ. சான்றிதழை வைத்துக் கேட்பதும் ஒன்றல்ல.

கையால் உழைத்ததை மறைக்காதவர்களும் நம்மிடம் இருந்தார்கள். டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலாளி. அதைச் சொல்லியே எழுதினார். தமிழுக்கான சாகித்திய பரிசை வென்றார். 1966இல் யாழ்ப்பாணத்தில் சலூனிலிருந்தே 'மல்லிகை'யைத் தொடங்கினார், பிற்காலத்தில் அது கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்தது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் தினமும் நடக்கும் தெரு அது. அவர் பட்டதாரி அல்லர். ஆனால் பட்டதாரிகள் அவர் மேசைக்கு வந்து தங்கள் எழுத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஆகவே, அரசு இனிப் பட்டதாரிகளை எடுப்பதானால் பட்டம் பெற்ற திகதி வரிசையைக் கைவிட வேண்டும். சேமலாப நிதியில் பங்களித்த ஒவ்வொரு வருடத்துக்கும் புள்ளி கொடுக்க வேண்டும். 2020இல் தண்டனைக்குக் காரணமான அதே பதிவு தகைமையாக எண்ணப்பட வேண்டும். மத்திய வங்கியிடமும் தொழில் திணைக்களத்திடமும் அந்தப் பதிவுகள் இருக்கின்றன, புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கம்பனிகள் நேர்முகத்தில் "இந்த இடைவெளி என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல், "அந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எவ்வளவு காசு கையாண்டீர்கள்?" என்று கேட்கட்டும்.

பிள்ளைகளுக்கு: அந்த மூன்று வருடத்தை எழுதுங்கள். கடையின் பெயர், தெரு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன பொறுப்பு, எந்தெந்த மொழியில் பேசினீர்கள். 'உதவியாளர்' என்று மழுப்பாமல், இருப்புப் பார்த்தேன், காசாளரின் இடத்தில் நின்றேன், கடன் வசூலித்தேன் என்று செய்ததைச் செய்தபடி. ஈ.பி.எப். இலக்கம் இருந்தால் அதையும். முதலாளி கட்டாமல் விட்டிருந்தால் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

கடைசியாக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைக் கடை முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் நின்ற பிள்ளை பட்டத்தோடு ஒரு நாள் வந்து நிற்பான். கடைக் கடிதத்தாளில் நாலு வரி, உங்கள் கையெழுத்து, ரப்பர் முத்திரை, உங்கள் தொலைபேசி இலக்கம். அவன் கேட்க வெட்கப்படுவான். கேட்கும்வரை காத்திராமல் எழுதிக் கொடுங்கள்.